துருப் பிடித்த மதர்போர்டுக்கு வாரண்டி உண்டா, இல்லையா?

குளச்சல் ஜெராக்ஸ்:
குளச்சலில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டர் திடீரென்று செத்துவிட்டது. மதர்போர்டில் கரண்ட் வருவதைக் காட்டும் ஸ்டாண்ட்பை விளக்கு எரிகிறது, பவர் பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றிப் பார்த்தாச்சு, ரேமைத் துடைத்துப் போட்டாச்சு, பேட்டரியைக் கழற்றி மாட்டியாச்சு. மூன்று வருட வாரண்டி இன்னும் முடியவில்லை, ஜிஎஸ்டி பில்லும் இருக்கிறது. வாங்கின கடை வழியாகக் கம்பெனிக்கு அனுப்பினேன். ‘துரு இருக்கிறது, வாரண்டி பொருந்தாது’ என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு போட்டோ. பின்பக்கம் யுஎஸ்பி சொருகும் போர்ட்டின் தகரம் துருவில் பழுத்திருக்கிறது, அவ்வளவுதான். சிப் லெவலில், அதாவது போர்டில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றி, சரி செய்யலாம் என்கிறார் கடைக்காரர். கேஸ் போடு என்கிறான் மச்சான். எதைக் கேட்க?

வடசேரி மெக்கானிக்:
கேஸ் போட இதில் ஒன்றும் இல்லை தம்பி. தண்ணீர், துரு, இடி, சாக்கெட்டில் பின் வளைவது எல்லாம் வாரண்டியில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் விற்கிறார்கள். குளச்சல், முட்டம் பக்கத்துப் போர்டு என்றால் கேபினட்டைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். ஃபேன் கடற்காற்றை உள்ளே இழுக்கும், உப்பு போர்டில் படியும், அந்த உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐசி (சிப்) கால்களுக்கு நடுவே கரண்ட் கசியும், அப்புறம் செம்பில் பச்சை பூக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் நமக்கு உண்டு, காய எங்கே நேரம்? விளக்கு எரிந்தும் பட்டன் எடுக்கவில்லை என்றால் பட்டனைக் கவனிக்கும் சூப்பர் ஐஓ சிப்போ, அதற்கு வரும் 3.3 வோல்ட் லைனோ போயிருக்கலாம். கொண்டுவந்து கொடுங்கள், பார்த்துவிடலாம்.

தக்கலை கறுப்புக் கோட்டு:
அண்ணன் தொழில் தெரிந்தவர், ஆனால் கம்பெனிக்காரனுக்கு இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க வேண்டாம். யுஎஸ்பி போர்ட்டின் வெளித் தகரம் பழுத்திருப்பது ஒரு விஷயம், போர்டு செத்தது வேறு விஷயம். அந்தத் தகரம் எந்நேரமும் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, குளச்சலில் அது பழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தத் துருவால்தான் பழுது என்று எங்கே காட்டியிருக்கிறார்கள்? கடலோர மாவட்டத்தில் கடை கடையாக விற்றுவிட்டு, கடற்காற்று பட்டால் பொறுப்பில்லை என்றால் என்ன நியாயம்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. (சொந்தப் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேன், பரவாயில்லை.)

வடசேரி மெக்கானிக்:
கட்டணம் இல்லை, சரி. தீர்ப்பு வரும்வரை அந்தத் தம்பி கடையில் என்ன செய்வார், ஈ ஓட்டுவாரா?

தக்கலை கறுப்புக் கோட்டு:
எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 3 மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான விஷயம் அந்தச் சோதனைதான். பழுது என்னவென்று பார்த்தால் தெரியாத பொருளை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீங்கள் சால்டரிங் அயர்னை வைத்த அடுத்த நிமிடம், ‘வெளியாள் கைவைத்த போர்டு’ என்று கம்பெனி தப்பித்துக்கொள்ளும்.

வடசேரி மெக்கானிக்:
வரும் போர்டை எல்லாம் சாட்சியாகப் பூட்டி வைத்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். துருப் பிடித்த போர்டைக் கழுவிச் சரிசெய்து கொடுத்தால் ஒரு மாதத்துக்கு மேல் நானும் உறுதி சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் கிளம்பும்.

தக்கலை கறுப்புக் கோட்டு:
அப்போ கம்பெனியே தேவலை போலிருக்கிறதே! அவன் மூன்று வருடமாவது சொல்கிறான்.

வடசேரி மெக்கானிக்:
சொல்கிறான், கொடுக்கவில்லையே. நான் சொன்னால் கொடுப்பேன்.

மார்த்தாண்டம் கேமர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அண்ணே, திரும்பி வந்தது உங்கள் போர்டுதானா? சீரியல் நம்பரைப் பில்லோடும் அந்தப் போட்டோவோடும் ஒத்துப் பாருங்கள். டார்ச் அடித்துப் போர்டின் இரண்டு பக்கமும் பாருங்கள், எங்கேயாவது பச்சை தெரிகிறதா? கடைக்காரர் வாய்ப் பேச்சை நம்பாமல் கம்பெனிக்கு நேரடியாக மெயில் போடுங்கள். எந்தப் பாகம் துருவால் கெட்டது என்று போட்டோவோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போடுங்கள். அங்கிருந்து கேட்டால் சில கம்பெனிகள் இறங்கி வருவதுண்டு.

குளச்சல் ஜெராக்ஸ்:
பார்த்தேன். நம்பர் சரிதான். போர்டில் பச்சை எங்கேயும் இல்லை, பின்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. பழுத்தது யுஎஸ்பி போர்ட் தகரமும் ஆடியோ ஜாக்கின் விளிம்பும் மட்டும்தான்.

தக்கலை கறுப்புக் கோட்டு:
இதைத்தான் நான் சொன்னேன்.

வடசேரி மெக்கானிக்:
பச்சை இல்லை என்றால் நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் சிப்புக்கு அடியில் இருப்பது டார்ச்சில் தெரியாது, அதையும் மனதில் வையுங்கள். இப்போதைக்குக் கடை ஓட ஒரு பழைய போர்டு வாங்கிப் போடுங்கள். ப்ராசசர் என்ன?

குளச்சல் ஜெராக்ஸ்:
12ஆம் தலைமுறை ஐ3. ரேம் டிடிஆர்4.

வடசேரி மெக்கானிக்:
அதற்கு எச்610 ரகப் போர்டு போதும். அதில் டிடிஆர்4 ரேமுக்கு ஒன்று, டிடிஆர்5 ரேமுக்கு ஒன்று என்று இரண்டு வகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். மாற்றி வாங்கினால் ரேமுக்கும் சேர்த்து அழ வேண்டும்.

மார்த்தாண்டம் கேமர்:
போர்டு மாறினால் விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடலாம். முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குளச்சல் ஜெராக்ஸ்:
சரி, பழைய போர்டு ஒன்று வாங்கிப் போடுகிறேன். செத்த போர்டில் யாரையும் கைவைக்க விடப்போவதில்லை. மெயில் இன்று ராத்திரியே போய்விடும். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். போர்டைச் சில்வர் கவரில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் போதும்தானே?

வடசேரி மெக்கானிக்:
கவர் இருக்கட்டும், ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா? அந்தச் சாக்கெட்டில் 1,700 பின் இருக்கிறது, ஒன்று வளைந்தாலும் அடுத்த சீட்டில் அதைத்தான் எழுதி அனுப்புவான். மூடுவதற்கு முன்னால் பின்னெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, அதையும் அந்த மெயிலிலேயே சேர்த்துவிடுங்கள். மூடி இல்லை என்றால் கடைக்கு வாருங்கள், என்னிடம் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.