தினமும் போட நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் 1 ஷூ சரிவருமா, ஜோர்டான் 1 லோ (கணுக்காலை மூடாத வகை) சரிவருமா?

கேள்வி: நாளுக்கு 8 மணி நேரம் நிற்க, நடக்கத்தான். முன்பாதம் அகலம். ஓட்ட ஷூவின் அதே சைஸையே வாங்கலாமா?

பதில் 1: வேண்டாம். ஏர் ஃபோர்ஸ் 1 பெரும்பாலும் அரை சைஸ் பெரிதாக இருக்கும். மாலையில், கால் சற்று வீங்கியபின், போடப்போகும் சாக்ஸோடு பாருங்கள். நீள விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் போதும். அதற்கு மேல் விட்டால் ஷூ தவறான இடத்தில் மடங்கும். தோலின் மேல்பூச்சு அங்கேதான் வெடிக்கும். புதிதில் குதிகால் லேசாக எழும்பும். அடிப்பாகம் விறைப்பு, அதனால்தான். சில நாளில் இளகும். அதன்பிறகும் எழும்பினால் சைஸ் பெரிது.

பதில் 2: நிற்கிற வேலைக்கு ஜோர்டான் 1 எனக்கு உடன்பாடில்லை. 1985-இல் வந்த வடிவம். அடிப்பாகம் மெல்லியது, முன்பாதமும் குறுகல். 1982-இன் ஏர் ஃபோர்ஸ் தடிமன், ஆனால் கனம். அகலக் காலுக்கு நாடாவை முதல் ஜோடித் துளையை விட்டுவிட்டுக் கோர்த்தால் அழுத்தம் குறையும்.

பதில் 3: விலைக்கேற்ப உழைக்குமா என்பது பற்றி: இரண்டிலும் அடிப்பாகத்தைச் சுற்றித் தையல் உண்டு, வெறும் பசையை விட அது நிற்கும். ஆனால் குதிகால் ரப்பர் தேய்ந்துவிட்டால் மாற்றுவது லேசில்லை. பல வருடம் பெட்டியில் கிடந்த ஜோர்டான் 3, 4 மாடல்கள் தள்ளுபடியில் கிடைத்தால் ஓடிவிடுங்கள். அடிப்பாகத்தின் உள்ளேயிருக்கும் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் ஈரக்காற்றில் சிதைந்து, நடக்கும்போதே உதிரும்.