ஹொனலூலுவிலிருந்து குவாம் தீவுக்கு: தூரமும் பயண நேரமும்

கேள்வி:
ஹவாயிலுள்ள ஹொனலூலுவிலிருந்து குவாமுக்கு விமானத்தில் செல்லவிருக்கிறேன். திங்கள் பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டால் செவ்வாய் மாலை 7 மணிக்குத்தான் சேருமென்று அட்டவணை காட்டுகிறது. தூரம் எவ்வளவு? உண்மையில் 28 மணி நேரப் பயணமா?

மறுமொழி:
இல்லை. நேர்வழித் தூரம் ஏறக்குறைய 6,100 கிலோமீட்டர். நேரடி விமானத்திற்குச் சுமார் 8 மணி நேரம் ஆகும். இடையில் பன்னாட்டுத் தேதிக்கோடு (தாண்டும்போது தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடு) குறுக்கிடுவதாலும், குவாமின் கடிகாரம் ஹவாயைவிட 20 மணி நேரம் முந்தியிருப்பதாலும், நாள்காட்டியில் ஒரு நாள் காணாமற்போகிறது. திரும்பும்போது செவ்வாய் காலை 7 மணிக்கு ஏறி, திங்கள் மாலையே இறங்குவீர்கள். எனவே விடுதி முன்பதிவில் தேதியை இருமுறை சரிபாருங்கள்.

மறுமொழி:
திரும்பும் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறைந்த நேரமே பிடிக்கும்; உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று அப்போது பின்னின்று தள்ளும்.

மறுமொழி:
யுனைடெட் நிறுவனத்தின் தீவுதாவி விமானம் என்றொன்றும் உண்டு. மஜூரோ, குவாஜலின், கோஸ்ரே, போன்பே, சூக் ஆகிய இடங்களில் நின்று செல்வதால் பொழுது முழுவதும் அதிலேயே கழியும். குவாஜலின் அமெரிக்க இராணுவத் தளம் என்பதால், தொடர்ந்து செல்லும் பயணிகள் அங்கே இறங்க முடியாது. இருக்கையில் அமர்ந்தபடி சன்னல் வழியே ஓடுபாதையை ஒட்டிய கடலைப் பார்க்கலாம், அவ்வளவே. அவசரமில்லையெனில் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

கேட்டவர்:
நன்றி. விடுதியைத் திங்களுக்கே பதிவு செய்திருந்தேன், இப்போதே மாற்றிவிடுகிறேன்.