பேஜ் ஃபால்ட்டிலிருந்து திரும்பும்போது ஜிபி ஃபால்ட், பிறகு ரீபூட் (எக்ஸ்86-64)

கேள்வி – ரிங்ஜீரோ:
சொந்தமாக எழுதும் 64-பிட் கெர்னலுக்கு ஐடிடி (எந்த இன்டரப்டுக்கு எந்த ஹேண்ட்லர் என்று சொல்லும் அட்டவணை) அமைத்திருக்கிறேன். எல்லா என்ட்ரிக்கும் ஒரே அசெம்பிளி மேக்ரோதான்: 15 ரெஜிஸ்டரை புஷ் செய்து, உரிய சி ஃபங்ஷனை அழைத்து, பாப் செய்து, ஐரெட்க்யூ (இன்டரப்டிலிருந்து திரும்பும் கட்டளை). பிரேக்பாயின்ட் (வெக்டர் 3, அதாவது ஐடிடியில் எண் 3) ஒழுங்காகத் திரும்புகிறது. பேஜ் ஃபால்ட்டில் பக்கமும் மேப் ஆகிவிடுகிறது. ஆனால் திரும்பும் இடத்தில் ஜிபி ஃபால்ட் (பொதுப் பாதுகாப்புப் பிழை) செய்தி ஏறக்குறைய முந்நூறு தடவை ஓடி ரீபூட் ஆகிறது. ஸ்டாக் 16 கேபி, அடியில் கார்டு பேஜ் (வேண்டுமென்றே மேப் செய்யாத பக்கம்) உண்டு. கியூஎமு எமுலேட்டரின் லாகில் (எண்கள் ஹெக்ஸில்; வி என்பது வெக்டர், இ என்பது எரர் கோடு) முதலில் வி=0இ, இ=0002, ஐபி 1038 என்று முடிகிறது. அடுத்தது வி=0டி, இ=1038.

பதில் – அடுக்குமேடை:
அந்த இரண்டு 1038-உம் ஒன்றுதான். பேஜ் ஃபால்ட்டுக்கு சிபியு ஐந்து மதிப்புகளோடு ஆறாவதாக எரர் கோடையும் ஸ்டாக்கில் வைக்கிறது. உங்கள் மேக்ரோ அதை எடுக்கவில்லை. ஐரெட்க்யூ எரர் கோடை (2) ஆர்ஐபி (திரும்பவேண்டிய முகவரி) என்றும், உண்மையான ஆர்ஐபியின் கடைசி 16 பிட்டை சிஎஸ் (கோடு செக்மென்ட் செலக்டர்) என்றும் படிக்கிறது. 1038 என்ற செலக்டர் உங்கள் ஜிடிடிக்கு (செக்மென்ட் அட்டவணை) வெளியே இருப்பதால் ஜிபி. அதன் எரர் கோடு அந்த செலக்டரேதான்.

ஜிபிக்கும் எரர் கோடு உண்டு என்பதால் அதன் ஸ்டப்பும் (மேக்ரோ உருவாக்கும் அசெம்பிளி நுழைவுப் பகுதி) அதே இடத்தில் விழுகிறது. சுற்றுக்கு 48 பைட் வீதம் ஸ்டாக் இறங்கி, 16 கேபி தீர்ந்து கார்டு பேஜைத் தொட்டதும் டபுள் ஃபால்ட், அதற்கும் புஷ் செய்ய இடமில்லாமல் டிரிபிள் ஃபால்ட், அதுதான் ரீபூட்.

எரர் கோடு வரும் வெக்டர்கள் 8, 10 முதல் 14 வரை, 17, 21. ஏஎம்டியில் 29, 30-உம் சேரும். இவற்றுக்குத் தனி மேக்ரோ வையுங்கள். மற்றவற்றில் முதலில் ஒரு 0 புஷ் செய்யுங்கள் (லினக்ஸ் இதே இடத்தில் -1 வைக்கிறது). பிறகு இரண்டிலும் வெக்டர் எண்ணை புஷ் செய்து பொது ஸ்டப்புக்குத் தாவலாம். ஐரெட்க்யூவுக்கு முன் ஆர்எஸ்பியோடு (ஸ்டாக் பாயின்டர்) 16 கூட்ட மறக்காதீர்கள்.

பதில் – பிட்டுக்குபிட்டு:
மேலே சொன்ன அமைப்பில் இன்னொரு நன்மை. 64-பிட் மோடில் சிபியு முதலில் ஆர்எஸ்பியை 16-க்கு அலைன் செய்துவிட்டுத்தான் புஷ் செய்கிறது. 5 + எரர் கோடு + வெக்டர் + 15 ரெஜிஸ்டர், மொத்தம் 22 மதிப்பு, 176 பைட். 16-ஆல் சரியாக வகுபடுகிறது, சி ஃபங்ஷனை அப்படியே அழைக்கலாம். நாளைக்கு இன்னொரு ரெஜிஸ்டரைச் சேர்த்தால் 184 ஆகி அலைன்மென்ட் கெடும், அதையும் பாருங்கள். அழைக்கும் முன் சிஎல்டி (டைரக்ஷன் ஃபிளாகை அழிக்கும் கட்டளை) போடுங்கள். கம்பைலரில் ரெட் ஸோனை (ஆர்எஸ்பியை நகர்த்தாமலே அதற்குக் கீழே வேரியபிள் வைக்கும் இடம்) அணைக்காவிட்டால், கெர்னல் ஓடும்போது வரும் இன்டரப்ட் ஆர்எஸ்பிக்குக் கீழுள்ள 128 பைட்டில் எழுதிவிடும். எந்த வேரியபிள் எப்போது கெட்டது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

டபுள் ஃபால்ட்டுக்கு டிஎஸ்எஸ்ஸில் (சிபியு ஸ்டாக் முகவரிகளைப் படிக்கும் அமைப்பு) தனி ஐஎஸ்டி ஸ்டாக் (அந்த வெக்டர் வந்ததும் சிபியு மாறிக்கொள்ளும் ஸ்டாக்) இருந்திருந்தால் ரீபூட்டுக்குப் பதில் செய்தி கிடைத்திருக்கும். ஐஎஸ்டியில் போடவேண்டியது ஸ்டாக்கின் மேல்முனை முகவரி. 64-பிட்டில் டிஎஸ்எஸ் டிஸ்கிரிப்டர் 16 பைட், அதாவது ஜிடிடியில் இரண்டு இடம். பேஜ் ஃபால்ட்டுக்கு மட்டும் ஐஎஸ்டி வேண்டாம்: ஹேண்ட்லருக்குள்ளேயே இன்னொரு பேஜ் ஃபால்ட் வந்தால் ஸ்டாக் மறுபடி உச்சியிலிருந்தே தொடங்கி, பழைய ஃபிரேமை அழித்துவிடும்.

ரிங்ஜீரோ:
மேக்ரோவைப் பிரித்ததும் பேஜ் ஃபால்ட் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் இப்போது எஸ்டிஐ (இன்டரப்ட்களை அனுமதிக்கும் கட்டளை) போட்ட மாத்திரத்தில் டபுள் ஃபால்ட் செய்தி வருகிறது.

பதில் – அடுக்குமேடை:
அது டைமர். பயாஸ் விட்டுப்போகும் நிலையில் பிக் (இன்டரப்ட் கன்ட்ரோலர் சிப்), டைமரின் ஐஆர்க்யூ 0-ஐ வெக்டர் 8-இல்தான், அதாவது டபுள் ஃபால்ட்டின் எண்ணில்தான் தருகிறது. முதல் 32 வெக்டரை இன்டெல் ஒதுக்கிவைத்திருந்தும் ஐபிஎம் 1981 பிசியில் 8-ஐ எடுத்துக்கொண்டதன் விளைவு. இதில் எரர் கோடு வராது என்பதால் உங்கள் வெக்டர் 8 ஸ்டப் ஃபிரேமையே ஓரிடம் தள்ளிப் படிக்கும். அச்சிடும் ஆர்ஐபியை நம்பாதீர்கள்.

பிக்கை வேறு வெக்டர்களுக்கு மாற்ற, எல்லா எண்ணும் டெசிமலில்: போர்ட் 32, 160 இரண்டுக்கும் 17 அனுப்புங்கள். பிறகு 33-க்கு 32, 161-க்கு 40. அடுத்து 33-க்கு 4, 161-க்கு 2. கடைசியாக 33, 161 இரண்டுக்கும் 1. இந்த வரிசை மாறக்கூடாது. டைமர் ஹேண்ட்லர் முடிவில் போர்ட் 32-க்கு 32 எழுதாவிட்டால் ஒரே ஒரு டிக்கோடு நின்றுவிடும். ஐஆர்க்யூ 8-ஓ அதற்கு மேலோ என்றால் 160-க்கும் எழுதவேண்டும்.