ஒரே கார்ட் எண் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு கதவில் பதிவாகிறது. கள்ள நகலா?

பினாங்குப்பூனை:
பினாங்கு, பாயான் லெப்பாஸில் 400 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை. கதவைத் திறக்கத் தடித்த வெள்ளை கார்ட். நேற்று ஒரே கார்ட் 7:02க்கு முன்வாசலிலும் 7:03க்கு பின்பக்க ஸ்டோரிலும் விழுந்திருக்கிறது. நடந்தால் ஆறு நிமிடம் ஆகும். ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டினால் நிற்குமா?

கம்பிச்சுருள்:
முதலில் இரண்டு கதவின் கண்ட்ரோலரிலும் (கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் பெட்டி) கடிகார நேரம் ஒத்துப்போகிறதா பாருங்கள். பாதி 'கள்ள கார்ட்' அங்கேயே தீர்ந்துவிடும்.

நேரம் சரியென்றால் நகல்தான். ஹோலோகிராம் ஜாகாவின் (காவலாளியின்) கண்ணுக்கு. ரீடருக்குக் கண் கிடையாது. கார்டின் முதுகில் 0006512345 099,24281 மாதிரி எண் இருக்கிறதா? 99ஐ 65,536ஆல் பெருக்கி 24,281ஐக் கூட்டினால் 6512345 வரும். இரண்டும் ஒரே எண்தான். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் இஎம் வகைப் பழைய கார்ட் இந்த எண்ணைப் பூட்டே இல்லாமல் கேட்கிற ரீடருக்கெல்லாம் சொல்லிவிடும். 26 பிட் வீகண்ட் (ரீடரிலிருந்து கண்ட்ரோலருக்குப் போகும் பழைய வயர் முறை) ரீடர் கண்ட்ரோலருக்கு அனுப்புவதும் இதே எண். ஆக, முதுகைப் படம் எடுத்தாலே போதும். எந்த எண்ணையும் ஏற்கும் டி5577 வெற்றுச் சிப்பில் எழுதிவிடலாம்.

பினாங்குப்பூனை:
மைஃபேர் வகை கார்டுக்கு மாற்றச் சொல்லி கொட்டேஷன் வந்திருக்கிறது. போதுமா?

வாசற்படி:
எந்த மைஃபேர்? கிளாசிக் என்றால் வேண்டாம். அதன் 48 பிட் பூட்டு 2008லேயே உடைந்துவிட்டது. மைஃபேரிலேயே டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3 கேளுங்கள், ஏஇஎஸ்-128 என்ற வலுவான குறியாக்கச் சாவியோடு. அந்தச் சாவி உங்கள் கையில் இருக்கவேண்டும். கான்ட்ராக்டரிடம் மட்டும் இருந்தால் நாளைக்கு வேறு கான்ட்ராக்டருக்கு மாற முடியாது.

பெரிய ஓட்டை இது: டெஸ்ஃபயர் வாங்கிவிட்டு ரீடரை யூஐடி (சிப்பின் வரிசை எண்) மட்டும் படிக்க விட்டிருப்பார்கள். யூஐடிக்குப் பூட்டு இல்லை. டெமோ ரீடரில் உங்கள் டச் அண்ட் கோ கார்டை (டோல், பஸ் கட்டண கார்ட்) தட்டுங்கள். 'தெரியாத கார்ட்' என்று லாகில் ஓர் எண் விழுந்தால், அது யூஐடிதான் படிக்கிறது.

கம்பிச்சுருள்:
மாற்றும் காலத்தில் இரண்டு அலைவரிசையும் படிக்கிற ரீடர் போடுவார்கள். கடைசி ஊழியரும் புது கார்டுக்கு மாறிய அன்றே 125 கிலோஹெர்ட்ஸை அணைக்கச் சொல்லுங்கள்; மறந்தால் பழைய நகல் பாட்டுக்குத் திறந்துகொண்டே இருக்கும். வயரையும் வீகண்டிலிருந்து ஓஎஸ்டிபி என்ற புது முறைக்கு மாற்றி, அதில் தகவலைப் பூட்டி அனுப்பும் செக்யூர் சேனலை ஆன் செய்யுங்கள்.

அதுவரை ஸ்டோருக்கு கார்டோடு பின் நம்பர். ஆன்டி-பாஸ்பேக்கை (உள்ளே தட்டிய கார்ட் வெளியே தட்டாமல் மறுபடி உள்ளே வரவிடாத வசதி) முதலில் எச்சரிக்கை மட்டும் தரும்படி வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒருவர் தட்ட நாலு பேர் நுழைவது வழக்கம். கடுமையாக வைத்தால் தட்டாமல் நுழைந்தவர் வெளியே வரமுடியாமல் நிற்பார். ஆன்டி-பாஸ்பேக் வேலை செய்ய வெளியேறும் பக்கமும் ரீடர் வேண்டும்.

வாசற்படி:
கார்டை நீங்களே அச்சிட்டால் பிரிண்டரின் பழைய மை ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள். கறுப்புப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் அச்சான பெயர், ஊழியர் எண் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். நறுக்கிப் போடுங்கள்.

பினாங்குப்பூனை:
கண்ட்ரோலர் நேரம் சரிதான். டெமோ ரீடரில் டச் அண்ட் கோ தட்டினேன், எண் விழுந்தது.

வாசற்படி:
அப்படியென்றால் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். 'யூஐடி அல்ல, கார்டுக்குள் இருக்கும் ஏஇஎஸ் பூட்டிய ஃபைலை ரீடர் படிக்கவேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள்.

பினாங்குப்பூனை:
நன்றி. ஸ்டோர் கதவுக்கு இன்றைக்கே பின் போட்டாயிற்று.