ப்ரவுன் ட்யூமருக்கு "பழுப்புக் கட்டி" வேணாமே

> ப்ரவுன் ட்யூமர் = பழுப்புக் கட்டி. நேரடியா இருக்கு, இதையே வச்சுக்கலாம்.

ஐயா, ப்ரவுன் ட்யூமர்ங்கிற எலும்பு நோய்க்குத் தமிழ்ப் பேரு தேடுறோம், நீங்க சொன்னது நேரடியாத்தான் இருக்கு, சிக்கலே அதுதான். எங்க ஊர்ல கட்டி பழுத்துருச்சுன்னா சீழ் வச்சிருச்சுன்னு அர்த்தம். பழுப்புக் கட்டின்னு ரிப்போர்ட்ல எழுதினா பத்துப் போட்டு உடைக்கலாம்னு ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் கேன்சர்னு அழுவார். இது ரெண்டுமே இல்ல.

நான் லேப்ல ஸ்லைடு பாக்குறவ. போன வருஷம் ஒரு அம்மாவுக்குக் கீழ்த்தாடை வீக்கம்னு பயாப்ஸி வந்துச்சு, ஸ்லைடு முழுக்க ஜெயன்ட் செல் (பல உட்கரு உள்ள ராட்சத செல்), நடுநடுவே ரத்தம் கசிஞ்ச கறை. ஜெயன்ட் செல் ட்யூமர்னு எழுதித் தள்ளியிருப்பேன், மைக்ரோஸ்கோப்புல மட்டும் பாத்தா அதையும் ப்ரவுன் ட்யூமரையும் பிரிக்கிறது கஷ்டம், ஆனா கூட வந்த ஃபார்ம் மூலையில "கிட்னி ஸ்டோன் ரெண்டு தடவ"ன்னு பொடி எழுத்துல கிடந்துச்சு. ரத்தத்துல கால்சியம் கூடினா கல் வரலாம், அந்தச் சந்தேகத்துல கால்சியமும் பிடிஹெச்சும் (பாராதைராய்டு ஹார்மோன்) பாக்கச் சொன்னேன். கால்சியம் 12.6. சாதாரணமா 10.5 தாண்டாது.

கழுத்துல, கால்சியத்தக் கட்டுப்படுத்துற பாராதைராய்டுச் சுரப்பி ஒண்ணுல சின்னக் கட்டி. அது ஹார்மோனை அள்ளி விட, எலும்பத் தின்னுற செல்லெல்லாம் கிளம்பி அங்கங்க குழி பறிச்சிருக்கு, குழிக்குள்ள கசிஞ்ச ரத்தத்தோட இரும்புதான் அந்தப் பழுப்பு. ஆக கட்டி இருக்கறது கழுத்துல, பேரு மட்டும் தாடைக்கு! சுரப்பிய எடுத்தாங்க, தாடையில கத்தியே வைக்கல, சில மாசத்துல தானா கெட்டிப்பட்டுச்சு.

இந்தக் குழப்பம் பழசு. வியன்னாவுல 1925ல ஃபெலிக்ஸ் மாண்டல்ங்கிற சர்ஜன் எலும்பு கரைஞ்சு கிடந்த ஒரு ட்ராம் தொழிலாளிக்கு முதல்ல பாராதைராய்டு பத்தலன்னு நினைச்சு வேற ஒருத்தரோட சுரப்பிய வச்சுப் பாத்தாரு, கேக்கல, அப்புறம் அவரோட சுரப்பிக் கட்டியையே எடுத்தப்பதான் எலும்பு தேறுச்சு.

என் பரிந்துரை: எலும்புத் துருக்கரைவு.

> துருன்னா முருங்கைக்கீரைய நிறுத்திருவாங்கம்மா :) கரைவு, கறைன்னு டைப்பிங்லயும் மாறும். "சுரப்பி அரிப்பு" எப்படி?

அரிப்புன்னா ஆயின்மென்ட் கேப்பாங்க ஐயா. துருவ விட்டுடறேன், அது நியாயம். நிறமும் வேணாம், பழுப்பு யாருக்குத் தெரியுது, அறுத்துப் பாத்தவங்களுக்குத்தான், எக்ஸ்ரேல வெறும் கருங்குழி. "சுரப்பி எலும்புக்கரைவு"ன்னு வச்சா படிக்கிற டாக்டருக்கும் சுரப்பியப் பாருன்னு ஞாபகம் வரும். வருஷக்கணக்கா டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கும் இது வரும், அவங்களுக்குக் கால்சியம் ஏறாமலே இருக்கலாம், பிடிஹெச்தான் எகிறி நிக்கும், அங்கயும் இந்தப் பேரு பொருந்துது.

ஜெயன்ட் செல் ட்யூமருக்குக் "கட்டி" இருக்கட்டும். அது நெசமாவே கட்டி.