நார்வே மேற்குக் கரை: மலையும் கடலும் ஒட்டி நிக்கிற இடத்துல வருஷம் பூரா வெளில சுத்தின அனுபவங்கள்

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்னு நிறைய பேர் கேக்கறாங்க, ஜூலைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பெர்கன் பக்கம் குடியிருந்து எல்லா சீசன்லயும் வெளில சுத்துறவனா சொல்றேன், இங்க காலண்டரை விட உயரத்தைத்தான் பாக்கணும். 100 மீட்டர் ஏறினா கிட்டத்தட்ட அரை டிகிரிக்கு மேல குறைஞ்சிடும், மலையோ தண்ணிலேர்ந்து நேரா எழும்பி நிக்குது, அதனால கீழ ஒரு சீசன் மேல ஒரு சீசன், ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துடலாம்.

இதை நல்லா காட்டுற இடம் ஹார்டாங்கர் ஃபியோர்டு (மலைக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல்) ஓரத்துல இருக்கிற லோஃப்துஸ்ங்கிற ஊர். மே மாசக் கடைசில ஊர் முழுக்க ஆப்பிள் மரம் வெள்ளையும் லேசான ரோஸுமா பூத்து நிக்கும், தேனீ சத்தம் ரோட்டுக்கே கேக்கும். அங்கேர்ந்து மேல போற பாதைல துறவிகள் அடுக்கின கல்படின்னு ஒண்ணு இருக்கு, 13ஆம் நூற்றாண்டுல லீசே மடத்துத் துறவிகள் போட்டதுன்னு சொல்றாங்க, 616 படி. பெரிய பெரிய கல்லை சாந்து எதுவும் இல்லாம அடுக்கி வச்சிருக்காங்க, நடுவுல மட்டும் கால் பட்டுப் பட்டு வழவழன்னு இருக்கும், ஓரமா பாசி. பூ வாசனைல ஆரம்பிச்சு, அப்புறம் பிர்ச் மரத்துல துளிர் இன்னும் விரியாம மொட்டா இருக்கிறதைப் பாத்து, அதையும் தாண்டினா மொட்டைக் கிளை, 950 மீட்டர்ல நூசின்னு ஒரு விளிம்பு, அங்க போறதுக்கு முன்னாடியே கால் பனில புதைய ஆரம்பிச்சிடுச்சு. கூட வந்த நண்பர் கைத்தடியால குத்திப் பாத்தா அடில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, பனி மேல கூரை மாதிரி மட்டும்தான் நிக்குது. அங்கேயே திரும்பிட்டோம். இங்க மலைக்குப் போறவங்களுக்குன்னு இருக்கிற விதிகள்ல ஒண்ணு, நேரத்தோட திரும்பு, திரும்புறதுல வெக்கம் இல்லைன்னு சொல்லுது, அதைப் பள்ளிக்கூடப் பசங்க கூட சொல்லுவாங்க.

மழையைப் பத்தி பயப்படாதீங்க. பெர்கன்ல வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, கடல் காத்து ஈரத்தோட வந்து மலைல மோதி மேல ஏறிக் கொட்டுது, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல நடக்கிறதேதான். அதே மாதிரி மலைக்குப் பின்னாடி மழை மறைவும் இருக்கு, உள்ளே தள்ளி இருக்கிற லார்டால்ல சுமார் 500 மில்லிமீட்டர்தான். கரையோரம் ஒரு வாரமா கொட்டுச்சுன்னா நாங்க வண்டியை எடுத்துட்டு ஃபியோர்டோட உள் முனைக்குப் போயிடுவோம். உள்ள போடுறது மட்டும் கம்பளி பனியனா இருக்கணும், பருத்தி நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை எல்லாம் உறிஞ்சிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ராத்திரிகள்ல கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகுல போறது. கோடைல இருட்டே ஆகாது, அதனால கடல் மினுங்குறது கண்ணுக்குத் தெரியாது, இருட்டு திரும்பி வந்த அப்புறம்தான் தெரியும். துடுப்பை உள்ள விட்டா நீலப்பச்சையா ஒரு சுழி, தூக்கினா நுனிலேர்ந்து சொட்டுற ஒவ்வொரு சொட்டும் விழுற இடத்துல ஒரு தடவை எரிஞ்சு அணையும், எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிங்க பண்ற வேலை. நிலா இல்லாத நாளா பாத்துப் போங்க. அப்படி ஒரு ராத்திரி பக்கத்துல புஸ்ஸுன்னு மூச்சு விடுற சத்தம், திரும்பறதுக்குள்ள எங்க கயாக்குக்கு அடில ஒரு வெளிச்சக் கோடு போச்சு, டால்பின் மாதிரி இருக்கிற கடல்பன்றி! என் பொண்ணு கத்தின கத்தல் எதிர்க்கரைல எதிரொலிச்சுது.

டென்ட் போடுறதுக்கு யார்கிட்டயும் பெர்மிஷன் வேண்டாம், 1957லேர்ந்து சட்டமே இருக்கு, விவசாயம் பண்ணாத நிலமா இருக்கணும், ஆள் இருக்கிற வீட்டுலேர்ந்து 150 மீட்டர் தள்ளி இருக்கணும். வேற நாட்டுலேர்ந்து வந்த நமக்கும் அதே உரிமை. இதை நினைச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்கும். நெருப்பு மட்டும் ஏப்ரல் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுக்குள்ளயும் காட்டை ஒட்டியும் மூட்டக் கூடாது.

குளிர்காலத்துல வர்றவங்க, 30 டிகிரிக்கு மேல செங்குத்தா பனி மூடின மலைச்சரிவு பக்கமே போகாதீங்க, அந்தச் சரிவோட அடிவாரத்துல நடக்கிறதும் ஆபத்துதான், பனி மேலேர்ந்து சரிஞ்சு அங்கதான் வந்து நிக்கும். தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை அஞ்சு நிலைல போடுறாங்க, அதைப் பாத்துட்டுக் கிளம்புங்க. மத்தவங்களும் எழுதுங்க.

——

பதில்: நாங்க ஓலசுன் பக்கம். ரூண்டே தீவுக்கு பஃபின்னு ஒரு கடல் பறவையைப் பாக்கப் போறவங்க பகல்ல போய் ஏமாந்து திரும்புறாங்க, அதுங்க பகல் பூரா கடல்ல, சாயங்காலத்துக்கு மேலதான் வளைக்குக் கூட்டமா வரும். ஏப்ரல்ல வரும், ஆகஸ்ட் பொறந்தா பெரும்பாலும் கிளம்பிடும். நான் சொல்ல வந்தது வேற. மேல புல்வெளில ஸ்குவான்னு ஒரு பழுப்புப் பறவை கூடு கட்டும், தெரியாம பக்கத்துல போனா நேரா தலைக்கு இறங்கும். எங்க முன்னாடி போன பெரியவர் ஒருத்தர் பதறாம கைத்தடியைத் தலைக்கு மேல உசத்திப் பிடிச்சாரு, அது எது உயரமா இருக்கோ அதைத்தான் குறி வைக்குமாம், தடி நுனியை உரசிட்டுப் போச்சு, றெக்கைக் காத்து என் முகத்துல அடிச்சுது. பாதையை விட்டு இறங்கலைன்னா அதுவும் நம்மளை விட்டுடும்ங்க.

——

பதில்: வணக்கம் தம்பி, நான் இருக்கிறது இன்னும் வடக்க, துரோம்சோ பக்கம். இஞ்ச நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் சூரியன் எழும்பாது, எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற காலம் எண்டு நினைப்பினம், ஆனா அப்பதான் ஹெர்ரிங் மீன் ஷெர்வோய் பக்கத்து ஃபியோர்டுக்குள்ள கும்பலா வரும், அதுக்குப் பின்னால ஓர்கா திமிங்கிலமும் வரும். மத்தியானம் கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்துக்குப் போட்டில போனனாங்கள். ஓட்டினவர் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, கதைக்காதேங்கோ எண்டார். முதல் வந்தது சத்தம்தான், பிறகு ஆம்பிளை ஓர்கா ஒண்டின்ர முதுகுச்செட்டை, ஒரு ஆள் உயரத்துக்கு, நிமிர்ந்து வந்து போட்டைத் தாண்டிப் போச்சுது, மனுசி என்ர கையைப் பிடிச்சவா விடவே இல்லை. ஓர்காவைத் துரத்திக்கொண்டு போற போட்டுகளும் இருக்கு, அதுகளில ஏறாதேங்கோ, நிண்டு பாக்கிற போட்டாப் பாத்துப் போங்கோ.

——

பதில் (முதல் பதிவு போட்டவர்): அண்ணா, வர்ற டிசம்பர்ல கண்டிப்பா வர்றோம், நல்ல போட் எப்படிப் பாத்து எடுக்கிறதுன்னு தனியா மெசேஜ்ல கேக்கறேன். இன்னொண்ணு, மேல எழுத விட்டுப்போச்சு. ஏப்ரல்லேர்ந்து இலையுதிர்காலம் முடியுற வரைக்கும் கரையோரப் புல்லுல உண்ணி இருக்கு, மான் நடமாடுற இடத்துல ஜாஸ்தி. பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பசங்களுக்குக் காதுக்குப் பின்னாடி பாருங்க, கடிச்சிருந்தா இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா நேரா இழுங்க, அந்த இடத்துல வட்டமா சிவப்பு படர்ந்துச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.