டெக்சாஸில் 14 ஏக்கர் ஹே (மாட்டுத் தீவனப் புல்) நிலம்: விவசாய மதிப்பீடு போய்விட்டது, வரி 7,500 டாலருக்கு மேல் வருகிறது. என்ன செய்யலாம்?

பல்லாவரத்தான் | மே 8

எல்லாருக்கும் வணக்கம். போன ஆகஸ்ட்டில் ஆஸ்டினிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் 14 ஏக்கர் வாங்கினோம். நகர எல்லைக்கு வெளியே. வீடு கட்ட இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். பக்கத்தில் மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பத்து வருஷத்துக்கு மேலாக இந்த நிலத்தில் புல் வெட்டி, ரவுண்டு பேல் (உருளை வடிவப் புல்கட்டு) கட்டி எடுத்துப்போய்க்கொண்டிருந்தார். நிலத்தை விற்றவர் கட்டிய வரி வருஷத்துக்கு முப்பது டாலர்கூட இல்லை. அந்த 'அக் எக்ஸம்ப்ஷன்' (விவசாய நிலத்துக்கான குறைந்த வரி) நிலத்தோடு சேர்ந்து வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் கவுண்டி (மாவட்ட) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சந்தை மதிப்பு 4,20,000 டாலர். விவசாய மதிப்பு என்ற இடத்தில் 0. எங்கள் பகுதியில் எல்லா வரியும் சேர்த்து ஏறக்குறைய 1.8 சதவீதம். கணக்குப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் அந்தப் பெரியவர் வீடு தேடி வந்து, இந்த வருஷமும் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். டிராக்டரால் யாருக்காவது அடிபட்டால் நம் தலையில் விழுமே என்று பயந்து வேண்டாம் என்றேன். மார்ச்சில் களை முழங்கால் உயரம் வந்ததும் நானே ஒரு டிராக்டரை வாடகைக்கு எடுத்து வெட்டி, புல்லை அப்படியே நிலத்தில் விட்டுவிட்டேன். அந்தப் படங்களை அலுவலகத்தில் காட்டினேன். "இது வயல் பராமரிப்பு, விவசாயம் இல்லை" என்றார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30 என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கோயிலில் பார்த்த ஒருவர், இனி ஐந்து வருஷத்துப் பழைய வரியை 7 சதவீத வட்டியோடு கேட்பார்கள் என்றார். அது உண்மையா? இந்த வருஷத்தையாவது காப்பாற்ற வழி இருக்கிறதா?

வரிக்கணக்கு_டாலஸ் | மே 8

சார், முதலில் அந்தப் பழைய வரி பயத்தை விடுங்கள். ரோல்பேக் (முந்தைய வருஷங்களில் குறைவாகக் கட்டிய வரியின் மிச்சத்தைக் கேட்பது) என்பது நிலத்தின் பயன்பாடு மாறும்போது வருவது. வீட்டு மனை போட்டாலோ கடை கட்டினாலோ, அந்தப் பகுதிக்கு வரும். நிலம் ஒரு வருஷம் சும்மா கிடந்தால் அந்த வருஷத்து மதிப்பீடு போகும், ரோல்பேக் வராது. விற்றாலும் வாங்கினாலும் வராது. கோயில் நண்பர் சொன்னது பழைய சட்டம். ஐந்து வருஷம் என்பதை 2019-இல் மூன்றாகக் குறைத்து வட்டியை 5 சதவீதம் ஆக்கினார்கள். 2021-இல் வட்டியையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்து, இது வரிவிலக்கு இல்லை. சந்தை விலையை விட்டுவிட்டு, விவசாயத்தில் நிலம் என்ன வருமானம் தரும் என்று பார்த்து மதிப்பு போடுகிறார்கள். 1978-இல் மாநில அரசியலமைப்பில் சேர்ந்த 1-டி-1 என்ற பிரிவு. யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவர் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் விண்ணப்பம் விற்றதோடு முடிந்தது. பத்திரம் எழுதும்போது இதை யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டது பெரிய தவறு. எத்தனையோ பேர் இதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

வழி இருக்கிறது. மதிப்பீட்டு மறுஆய்வுக் குழு அந்த வருஷப் பதிவேட்டுக்கு ஒப்புதல் கொடுக்கும் வரை தாமத விண்ணப்பத்தை ஏற்கலாம். பெரும்பாலும் ஜூலையில்தான் ஒப்புதல் நடக்கும். மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம், உங்களுக்கு ஏறக்குறைய 750 டாலர். 50-129 என்ற படிவம். இந்த வாரமே நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கூடவே ஆட்சேபணை மனுவும் போடுங்கள். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதுவே கெடு.

கடந்த ஏழு வருஷத்தில் ஐந்து வருஷம் விவசாயம் நடந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்குவதற்கு முன் நடந்ததும் இதில் சேரும் என்பதால் அந்தப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. சிக்கல் இன்னொரு பாதியில்: இந்த வருஷம் நிலத்தில் என்ன நடக்கிறது? ஜனவரி 1 அன்று நடக்காவிட்டாலும், வருஷத்தின் பெரும்பகுதி நடக்கும் என்று காட்ட வேண்டும். அதற்கு ஹே தெரிந்தவர் யாராவது பதில் சொல்லட்டும்.

கரிசல்காட்டான் | மே 8

தம்பி, எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்க டெம்பிள் ஊருக்கு வெளியில 30 ஏக்கர் வச்சிருக்கேன். முதல் தடவ இந்த மண்ண கையில எடுத்தப்ப அப்படியே நம்ம கரிசல். வெயில்ல வெடிக்கும், மழைல செருப்ப விடாது. அதுக்காகவே வாங்குனேன்.

நான் சொல்றது ஒண்ணுதான். இந்தப் பதில வாசிச்சு முடிச்சதும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்க. போன் வேண்டாம், மெசேஜ் வேண்டாம். நேர்ல போய் "ஜனவரில தெரியாமச் சொல்லிட்டேன்"னு சொல்லுங்க.

ஏன்னு விளங்கணும்னா ஹே என்னன்னு விளங்கணும். நம்ம ஊரு வைக்கோல் நெல்லு போக மிஞ்சுறது. இது அப்படி இல்ல. மாட்டுக்குன்னே வளத்து, முத்துறதுக்கு முன்னால சத்தோட வெட்டிக் காயவைக்கிற புல்லு. குளிர்காலத்துல பச்ச கிடையாது, மாடு இதத்தான் தின்னும். ஒரு பசு நாளைக்கு 25-லேர்ந்து 30 பவுண்டு. 1,000 பவுண்டு பேல் ஒண்ணு ஒரு பசுவுக்கு ஏறக்குறைய ஒரு மாசம். அவருகிட்ட 20 பசு இருந்தா நாலு மாசத்துக்கு 80 பேல். உங்க 14 ஏக்கர், மழையும் பெஞ்சு உரமும் போட்டா ரெண்டு வெட்டுல கிட்டத்தட்ட அவ்வளவு குடுக்கும். நீங்க வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு அந்த மனுசனோட ஒரு குளிர்காலத் தீவனம் போச்சு. வெளியில வாங்கணும்னா அவரு ஏத்துக்கூலியும் சேத்துக் குடுக்கணும். 2011 வறட்சில இந்த மாநிலத்துல ஹே கெடைக்காம மாட்ட வித்தவங்க எத்தனையோ பேரு. 2022-லயும் அதே கத.

இப்ப நல்ல செய்தி. உங்க நிலத்துல இருக்கிறது கோஸ்டல் பெர்முடாங்கிற புல்லா இருந்தா முதல் வெட்டே மே கடைசி, ஜூன்லதான். வருசம் இன்னும் போகல. நாலு நாள் மழையில்லாம கெடச்சா வெட்டி, காயவச்சு, வரிசையாக் கூட்டி, கட்டிரலாம். சரியாக் காயாமக் கட்டுனா உள்ளுக்குள்ள சூடேறி பேல் தானா தீப்பிடிக்கும், அதனால அவர அவசரப்படுத்தாதீங்க. நீங்க மார்ச்சுல வெட்டிப் போட்ட சருகு நல்ல புல்லோட கலந்து வரும்னு அவரே சொல்வாரு. முதல் வெட்டுத் தரம் கொஞ்சம் கொறையும், பரவால்ல.

பல்லாவரத்தான் | மே 9

அண்ணா, அவர் ஜனவரியில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. வரியைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர, அவர் மாடுகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. நாளைக் காலை போகிறேன். எழுத்தில் ஏதாவது வேண்டுமா? குத்தகைப் பணம் கேட்கலாமா?

கரிசல்காட்டான் | மே 9

பணம் கேக்காதீங்க. இந்தப் பக்கம் வழக்கம் என்னன்னா, சின்ன நிலத்துக்காரன் புல்லக் குடுப்பான், வெட்டுறவரு டீசல், கயிறு, உழைப்பு எல்லாம் போடுவாரு. உங்களுக்கு மிச்சமாகுறது 7,000 டாலர் வரி. அதுக்கு மேல அவருகிட்ட வாங்குறது நியாயமில்ல. முடிஞ்சா உரச்செலவுல பாதி நீங்க குடுங்க. மண்ண டெக்சாஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிட்டு அப்புறம் உரம் வாங்குங்க.

எழுத்து கண்டிப்பா வேணும். ஒரு பக்கம் போதும்: எத்தன ஏக்கர், எந்த வருசத்துலேர்ந்து, யாரு வெட்டுறது, வெட்டுன தேதியையும் பேல் எண்ணிக்கையையும் அவரு எழுதித் தரணும், அவரு காப்பீட்டுச் சான்றிதழ் ஒரு நகல். நீங்களும் நிலத்துக்கு ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கங்க. ஜனவரில உங்கள பயமுறுத்துன விசயம் அதோட தீந்துச்சு. போன வருசங்கள்ல வெட்டுனதுக்கும் அவருகிட்டயே ஒரு கையெழுத்து வாங்குங்க, அலுவலகத்துக்கு அதவிடப் பெரிய சாட்சி இல்ல.

நிலத்த ஒரு தடவ நடந்து பாருங்க. சர்வேக்காரன் அடிச்ச இரும்பு முளை, பழைய கம்பி, தீயெறும்புப் புத்து எல்லாம் வெட்டுக்கத்திய ஒடச்சிரும். முளைக்குப் பக்கத்துல உயரமா ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்க.

தேனடை | மே 9

தம்பி, மாற்று வழியும் தெரிந்திருக்கட்டும். 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்புக்கும் இதே மதிப்பீடு உண்டு. பல கவுண்டிகளில் முதல் 5 ஏக்கருக்கு 6 பெட்டி, பிறகு இரண்டரை ஏக்கருக்கு ஒரு பெட்டி என்று கணக்கு. உங்களுக்கு 9, 10 பெட்டி வரும். கவுண்டிக்குக் கவுண்டி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஏழு ஏக்கரில் செய்கிறேன். ஆனால் உங்கள் நிலைமையில் தேனீக்கு மாற வேண்டாம் என்பேன். பத்து வருஷமாக ஹே விளைந்த வயலைத் தேனீப் பெட்டிக்காக நிறுத்தினால் அந்தப் பெரியவருக்கு மறுபடி அதே அடி. வீடு கட்டிய பிறகு வெட்ட முடியாத மூலை ஏதாவது மிஞ்சினால் அங்கே பெட்டி வையுங்கள்.

மூன்றுபிள்ளைத்தாய் | மே 10

இதைப் படிக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. மாநில வருமான வரி இல்லாத ஊர் இது. பள்ளிக்கூடம் பெரும்பாலும் சொத்து வரியை நம்பி நடக்கிறது. கால் ஏக்கர் மனையில் வீடு வைத்திருக்கும் நாங்கள் வருஷம் 9,000 டாலர் கட்டுகிறோம். எங்கள் தெருமுனையில் 60 ஏக்கர், ஒரு கட்டுமானக் கம்பெனிக்காரருடையது. ஏழெட்டு மாடுகளை விட்டிருக்கிறார். அவர் கட்டுவது எங்களில் ஒருவர் கட்டுவதைவிடக் குறைவு. நாளைக்கு அதில் முந்நூறு வீடு வரும். பல்லாவரத்தான் சார் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் நிலம் வாங்கி, வரிக்காக மட்டும் புல் வெட்டுவது சரியா?

கரிசல்காட்டான் | மே 10

தங்கச்சி, உங்க கேள்வி நியாயமானது. வரிக்காக மட்டும் வெட்டுறது சரியில்ல. அந்த 60 ஏக்கர் கதையும் நெசம்தான். ரோல்பேக்க அஞ்சு வருசத்துலேர்ந்து மூணாக்கி வட்டியையும் எடுத்தாங்கல்ல, அதுல அதிகம் லாபம் அடஞ்சது மனை போடுறவங்கதான்னு நான் நெனைக்கிறேன். காத்திருக்கிற காலத்துல சல்லிசா வரி, மாத்துற அன்னைக்கு மூணு வருசக் கணக்கு மட்டும். அது தப்பு.

ஆனா இன்னொண்ணு. நகர எல்லைக்கு வெளியில கவுண்டிக்கு இது வயல், இது வீட்டு மனைன்னு பிரிக்கிற அதிகாரம் பெரும்பாலும் கெடையாது. வயல வயலா வச்சிருக்க இந்த மாநிலத்துல இருக்கிற பெரிய பிடிமானம் இந்த மதிப்பீடுதான். இது போச்சுன்னா முதல்ல விக்கிறது அந்த 60 ஏக்கர்காரன் இல்ல, 20 பசு வச்சிருக்கிற கிழவன். எங்க ரோட்டுல எட்டு வருசத்துல நாலு ஹே வயல் போச்சு. புதுசா வந்தவங்க, நாங்க ராத்திரி பேல் கட்டுனா சத்தம், தூசுன்னு புகார் குடுக்கிறாங்க. பகல்ல ரொம்பக் காஞ்சா இல உதிந்துரும், லேசாப் பனி எறங்குனப்புறம் கட்டுனாத்தான் நிக்கும். அத யாருக்குச் சொல்ல.

மூன்றுபிள்ளைத்தாய் | மே 11

நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. நிஜமாக வெட்டுகிறவர்களுக்குக் கிடைக்கட்டும். மாடு காட்டி ஏமாற்றுகிறவர்களை அலுவலகம் போய்ப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதில் என் கருத்து மாறாது.

கத்தரித்தோட்டம் | மே 14

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. இப்படிப்பட்ட வயலிலிருந்து ஒரு பேல் வாங்கி வீட்டுத் தோட்டத்தில் மூடாக்குப் போடலாமா?

கரிசல்காட்டான் | மே 14

முதல்ல அந்த வயல்ல கிரேஸான்ங்கிற களைக்கொல்லி அடிச்சாங்களான்னு கேளுங்க. அதுல இருக்கிற பிக்லோராம்ங்கிற மருந்து புல்லுல தங்கும், மாடு தின்னு சாணியா வந்தாலும் போகாது. தக்காளி, கத்தரி, அவரை எல்லாம் எல சுருண்டு நின்னுரும். என் வீட்டுக்காரி போட்ட தக்காளி ஒரு வருசம் முழுக்க அப்படிப் போச்சு. கேக்காமப் போடாதீங்க.

பல்லாவரத்தான் | ஜூலை 3

எல்லாருக்கும் தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மறுநாளே பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "நிலம் உன்னுடையது, கேட்டது நான்" என்று மட்டும் சொன்னார். ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பழைய வெட்டுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருந்தார். அதன் நகலும் தந்தார்.

50-129 படிவத்தையும் ஆட்சேபணையையும் மே 13 அன்று கொடுத்தேன். ஜூன் இரண்டாம் வாரம் முதல் வெட்டு, 31 பேல். மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்தார். நேற்றுக் கடிதம் வந்தது: 14 ஏக்கருக்கும் இந்த வருஷத்துக்கே 1-டி-1 மதிப்பீடு, தாமத அபராதத்தோடு. வரிக்கணக்கு சார் சொன்ன தொகைதான்.

ஒரு சந்தேகம் மிச்சம். என் கேட் 12 அடி. அவருடைய ரேக்கை (புல்லை வரிசையாகக் கூட்டும் கருவி) ஒவ்வொரு தடவையும் பிரித்து உள்ளே கொண்டுவந்தார், அரை நாள் போகிறது. அடுத்த வெட்டுக்கு முன் மாற்றிவிட நினைக்கிறேன். 16 அடி போதுமா?

கரிசல்காட்டான் | ஜூலை 3

ரோடு குறுகலா இருந்தா திரும்புறதுக்கு 16 பத்தாது தம்பி. ரெண்டு 10 அடிக் கேட்ட நடுவுல சேர்ற மாதிரி மாட்டுங்க. கம்பத்த நாலடி ஆழத்துல கான்கிரீட் போட்டு நடுங்க, கரிசல் மண்ணு வெயில்ல வெடிச்சு அசைச்சிரும்.